சிப்புல கரண்ட் விட்டு புரோட்டீன் பிரிக்கறது எப்படி: வேலூர் பக்கத்து புராஜெக்ட் பசங்களுக்கு

காட்பாடி, சேர்க்காடு, ராணிப்பேட்டன்னு நம்ம பக்கத்துல பயோடெக், பயோகெமிஸ்ட்ரி படிக்கறவங்க இப்பல்லாம் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்ப (முடி அகல சேனல்ல திரவம் ஓடற சின்ன தகடு) புராஜெக்டா எடுக்கறீங்க, நல்ல விஷயம், ஆனா சிப்புல புரோட்டீன் பிரிக்கப் போறேன்னு வர்ற எல்லாரும் மொதல்ல கேக்கறது "எத்தன வோல்ட் வெக்கணும்"னு தான். அத கடைசியா கேளுங்க. வோல்ட்டேஜ் சப்ளையில குமிழ திருப்பினா வந்துடும். புரோட்டீன் போற அந்த முடி அகல சேனலோட சுவரு இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கினு அத அடக்கி வெச்சிட்டீங்கன்னா பாதி வேலைக்கு மேல முடிஞ்சிது. அதனால இங்க நான் சொல்ற வரிச இது தான்: மொதல்ல வெறும் பஃபர் (பிஹெச்ச, அதாவது அமில-கார அளவ, மாறாம வெச்சிக்கற கரைசல்), அப்பால சுவரு, அப்பால சாயம், கடைசியா தான் புரோட்டீன்.

கரண்ட் விட்டு புரோட்டீன் பிரிக்கறது பழைய வித்த. 1937ல ஸ்வீடன்ல ஆர்னே டிசேலியஸ் ரத்த சீரத்த இப்படி பிரிச்சி ஆல்புமின், அப்பறம் ஆல்ஃபா பீட்டா காமா குளோபுலின்னு தனித்தனியா காட்டினாரு, 1948ல அவருக்கு நோபல் வந்துது. 1949ல லைனஸ் பாலிங் குழு அதே முறையில சிக்கிள் செல் (செவப்பணு அரிவாள் மாதிரி வளையற நோய்) நோயாளியோட ஹீமோகுளோபின் வேற வேகத்துல நகருதுன்னு கண்டுபிடிச்சாங்க, ஒரு நோய் ஒரு மூலக்கூறுல இருந்து வருதுன்னு காட்டின மொத வேலை அது. 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டயும் அந்த ஹீமோகுளோபின் இருக்கறது வெளிய தெரிஞ்சிது. வேலூர்ல இருக்கற நமக்கு இது எங்கயோ நடந்த கத இல்ல, தலசீமியாவுக்கும் ரத்த நோய்க்கும் சிஎம்சி ஆஸ்பத்திரிய தேடி வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் குடும்பத்தோட வந்து காந்தி ரோடு பக்கம் ரூம் எடுத்து தங்கறவங்கள தெனம் பாக்கறோம். ஒரு சொட்டு ரத்தத்துல பதில் சொல்ற சின்ன சிப்பு யாருக்கு தேவன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

சரி, சேனலுக்குள்ள இன்னா நடக்குதுன்னு பாத்துக்கலாம், இது புரியாம கைய வெக்காதீங்க. பிஹெச் 8.3ல பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்), ஓவால்புமின் (முட்டை வெள்ளை புரோட்டீன்) மாதிரி புரோட்டீனுங்க மைனஸ் சார்ஜோட இருக்கும், அதனால ப்ளஸ் எலக்ட்ரோட பாத்து ஓடும். சார்ஜ் அதிகமா, உருவம் சின்னதா இருந்தா வேகமா போவும், அந்த வேக வித்தியாசத்துல தான் பிரியுது. அதே நேரம் கண்ணாடி சுவரும் பிளாஸ்மா (ரத்த பிளாஸ்மா இல்ல, கரண்ட்ல ஒளிர்ற வாயு) வெச்ச பிடிஎம்எஸ் (ரப்பர் மாதிரி சிலிக்கோன்) சுவரும் மைனஸ் சார்ஜ் தான், அத ஒட்டி பஃபர்ல இருக்கற ப்ளஸ் அயனிங்க சேரும், கரண்ட் விட்டா அதுங்க மொத்த தண்ணியையும் இழுத்துக்கினு மைனஸ் எலக்ட்ரோட் பக்கம் போவும். இதுக்கு பேரு எலக்ட்ரோஆஸ்மோசிஸ். புரோட்டீன் ஒரு பக்கம், தண்ணி எதிர் பக்கம். சுவத்துல கோட்டிங் (பூச்சு) இல்லாத சேனல்ல பெரும்பாலும் தண்ணி தான் ஜெயிக்கும், நீங்க ப்ளஸ் பக்கத்துல டிடெக்டர வெச்சி காத்துக்கினு இருப்பீங்க, ஒன்னுமே வராது. இதோட புரோட்டீன் சுவத்துல ஒட்டிக்கும், ஒட்டின எடத்துல சுவரோட சார்ஜ் மாறும், சார்ஜ் மாறினா தண்ணி ஓட்டம் மாறும், அடுத்த ரன்ல பீக் (புரோட்டீன் டிடெக்டர தாண்டறப்ப கிராஃப்ல எழும்பற மேடு) வேற எடத்துல வரும். "ரிப்பீட் ஆவ மாட்டேங்குது"ன்னு சொல்ற கேசுல முக்காவாசி இது தான்.

சிப் டிசைன் சிம்பிளா வெச்சிக்கங்க, ஒரு சிலுவை வடிவம் போதும். சேனல் அகலம் 50 மைக்ரோமீட்டர், ஆழம் 20 மைக்ரோமீட்டர். மூணு கை 5 மில்லிமீட்டர் நீளம், நாலாவது கை 40 மில்லிமீட்டர், அதுல தான் பிரியும். நாலு முனையிலயும் ஒவ்வொரு வெல் (திரவம் ஊத்தற குழி): சாம்பிள், அதுக்கு எதிர்ல சாம்பிள் வேஸ்ட், பஃபர், அதுக்கு எதிர்ல நீளமான கையோட முனையில பஃபர் வேஸ்ட். சிலுவை வெட்டிக்கற எடத்துல இருக்கற துளி தான் உங்க சாம்பிள், கணக்கு போட்டா 50 பிக்கோலிட்டர் வருது.

இதுக்கு அச்சு எஸ்யு-8 (ஒளி பட்டா கெட்டியாவற பிசின்) போட்ட சிலிக்கான் வேஃபர்ல செய்யணும், கிளீன்ரூம் வேணும். ஒங்க காலேஜ்ல இல்லன்னா கவலப்படாதீங்க, பெங்களூர் ஐஐஎஸ்சி நானோ சென்டர்ல வெளி காலேஜ் ஆளுங்களும் அப்ளை பண்ணி வேலை செய்ய புரோகிராம் உண்டு, காட்பாடில காலைல ரயில் ஏறினா மதியத்துக்குள்ள அங்க இருக்கலாம். ஒரு அச்சு கைக்கு வந்துட்டா அதுல எத்தனையோ சிப் ஊத்திக்கலாம்.

ஊத்தறது இப்படி. சில்கார்டு 184ங்கற பிடிஎம்எஸ் கிட் எடுத்து பேஸ் 10 பங்கு, க்யூரிங் ஏஜென்ட் 1 பங்குன்னு எடை போட்டு நல்லா கலக்குங்க, கலக்கும்போது நொர நொரயா காத்து ஏறும், வாக்குவம் டெசிகேட்டர்ல வெச்சி காத்து சுத்தமா போற வரைக்கும் விடுங்க, இதுல அவசரப்பட்டா அப்பால சேனல்ல ஓட்ட. அச்சு மேல 4-5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊத்தி 70 டிகிரி அவன்ல 2 மணி நேரம். உரிச்செடுத்து வெல் எடத்துல 4 மில்லிமீட்டர் பஞ்ச்ல ஓட்ட போட்டு, டேப் ஒட்டி ஒட்டி எடுத்து தூசிய கிளீன் பண்ணுங்க, நம்ம ஊரு தூசி சும்மா இல்ல, ஜன்னல சாத்திட்டு பண்ணுங்க. கண்ணாடி ஸ்லைடையும் இதையும் பிளாஸ்மாவுல ஒரு நிமிஷத்துக்குள்ள காட்டி ஒட்ட வெச்சா நிரந்தரமா ஒட்டிக்கும். கீழ கண்ணாடி இருக்கறது சூட்ட வெளிய விடறதுக்கும் நல்லது, பிடிஎம்எஸ் சூட்ட கடத்தறதுல ரொம்ப மட்டம். ஒட்டின ஒடனே பஃபர் நெரப்பிடுங்க, பிளாஸ்மா வெச்ச பரப்பு அப்ப தான் தண்ணிய தானா உள்ள இழுக்கும், சில மணி நேரம் காய விட்டா பழையபடி தண்ணி ஒட்டாத பரப்பா திரும்பிடும்.

பஃபருக்கு 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின் எடுங்க, ஜெல் ஓட்டற அதே பஃபர் தான், எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரி ஒரு கெமிக்கல்) போடாம. பிஹெச் தானா 8.3 கிட்ட வரும், ஆசிட் ஊத்தி அட்ஜஸ்ட் பண்ணாதீங்க, உப்பு ஏறிடும். கொழா தண்ணி, கேன் தண்ணி எதுவும் ஆவாது, மில்லிக்யூ மாதிரி சுத்தமான தண்ணி தான். 0.2 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு, வாக்குவத்துல காத்து எடுத்துடுங்க. சில பேரு பழக்கத்துல பிபிஎஸ் (பாஸ்பேட் உப்பு பஃபர்) எடுப்பாங்க, வேணாம். அதுல உப்பு ஜாஸ்தி, இந்த சைஸ் சேனல்ல சென்டிமீட்டருக்கு 200 வோல்ட் வெச்சா சுமார் 30 மைக்ரோஆம்பியர் ஓடும். கேக்க சின்னதா தெரியும், ஆனா அந்த துளியூண்டு சேனலுக்கு அது சூடேத்தற அளவு.

இப்ப கரண்ட் விடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இத தயவுசெஞ்சி படிங்க. நாம வெக்கப் போறது 1000 வோல்ட். சேனல்ல போறது மைக்ரோஆம்பியரா இருந்தாலும் சப்ளை அதுக்கு மேல குடுக்கற தெறம் உள்ளதா இருக்கலாம், அதனால கரண்ட் லிமிட் மொதல்ல செட் பண்ணுங்க, 100 மைக்ரோஆம்பியர் தாண்டக் கூடாதுன்னு. பிளாட்டினம் வயர தொடணும்னா சப்ளைய ஆஃப் பண்ணி, மீட்டர் ஜீரோ காட்டறத பாத்துட்டு தொடுங்க. சிப்புக்கு மேல ஒரு அக்ரிலிக் மூடி, மூடிய தெறந்தா சப்ளை கட் ஆவற மாதிரி ஒரு ஸ்விட்ச். நம்ம ஊரு மே மாசத்துல கையெல்லாம் வேர்த்து ஈரமா இருக்கும், அந்த கையோட போவாதீங்க, தனியா ராத்திரில ஒக்காந்தும் ஓட்டாதீங்க. மார்க்கு போனா திரும்ப வாங்கலாம்.

வெறும் பஃபர நெரப்பிட்டு பஃபர் வெல்லுக்கும் பஃபர் வேஸ்டுக்கும் நடுவுல 100, 200, 300ன்னு ஏத்திக்கினே போங்க, ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நிமிஷம் நின்னு கரண்ட எழுதுங்க. கிராஃப் போட்டா நேர்கோடா வரணும். எந்த எடத்துல கோடு மேல வளையுதோ அங்க பஃபர் சூடாவுதுன்னு அர்த்தம், அதுக்கு கீழ தான் நீங்க வேலை செய்யணும், இது தான் "எத்தன வோல்ட்"டுக்கு ஒங்க சிப்பே குடுக்கற பதில். கரண்ட் துடிச்சிக்கினே இருந்தா இல்ல திடீர்னு ஜீரோவுக்கு விழுந்தா உள்ள காத்து குமிழ் இருக்கு, வெல்லுல வாக்குவம் வெச்சி இழுத்துட்டு மறுபடி நெரப்புங்க. எலக்ட்ரோட சேனல் வாய் மேல வெக்காம வெல்லோட ஓரமா மேல்மட்டத்துல வெச்சா, தண்ணி பிரிஞ்சி வர்ற குமிழு சேனலுக்குள்ள போவாது.

மைக்ரோஸ்கோப்பும் லேசரும் இல்லாமயே இந்த கரண்ட் மீட்டர வெச்சி சுவரு இன்னா பண்ணுதுன்னும் கண்டுபிடிக்கலாம், எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச வேலை இது. சேனல் முழுக்க ஒரு பஃபர் இருக்கட்டும், ப்ளஸ் பக்கத்து வெல்ல மட்டும் காலி பண்ணி அதே பஃபர 5 சதவீதம் தண்ணி கலந்து நீர்க்க வெச்சி ஊத்துங்க. கரண்ட் விட்டா எலக்ட்ரோஆஸ்மோசிஸ் அந்த நீர்த்த பஃபர உள்ள இழுக்கும், கரண்ட் மெதுவா எறங்கி ஒரு எடத்துல நிக்கும். எறங்க ஆரம்பிச்சதுல இருந்து நிக்கற வரைக்கும் ஆன நேரம் தான் தண்ணி முழு சேனலையும் கடந்த நேரம். 45 மில்லிமீட்டர் சேனல், 1000 வோல்ட், கோட்டிங் இல்லாத புது சிப்புன்னா ஒரு நிமிஷம் கிட்ட வரும். கோட்டிங் போட்டதுக்கு அப்பால இதே டெஸ்ட் பண்ணுங்க, 10 நிமிஷம் ஆனாலும் கரண்ட் அசையலன்னா சுவரு அடங்கிடுச்சி.

கோட்டிங்குக்கு பல வழி இருக்கு. 1985ல யெர்ட்டேன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி கண்ணாடி குழாய் உள்சுவத்துல பாலிஅக்ரிலமைட கெமிக்கலா பிணைச்சி வெச்சாரு, அது உறுதியான முறை, ஆனா மொத தடவ பண்றவங்களுக்கு கஷ்டம். நான் சொல்றது பாலி டைமெத்தில் அக்ரிலமைட், தானா சுவத்துல ஒட்டிக்கும், அரை சதவீதத்துக்குள்ள தண்ணியில கரைச்சி சேனல்ல நெரப்பி கொஞ்ச நேரம் வெச்சிட்டு பஃபர்ல அலசிடுங்க, ஓடற பஃபர்லயும் கொஞ்சம் கலந்து வெச்சா அங்கங்க உரிஞ்சத அதுவே சரி பண்ணிக்கும். பிஎஸ்ஏவ ஊத்தி சுவர மூடலாம்னு சில பேரு சொல்வாங்க, செல்லு வேலைக்கு சரி, புரோட்டீன் பிரிக்கற சிப்புல அந்த பிஎஸ்ஏவே கழண்டு வந்து கணக்க கெடுக்கும்.

அடுத்து ஃப்ளூரசின் சாயம், 10 மைக்ரோமோலார். ஏன் புரோட்டீனுக்கு முன்னாடி இதுன்னா, இது சுவத்துல ஒட்டாது, மைனஸ் சார்ஜு, நல்லா ஒளிரும், அதனால இன்ஜெக்‌ஷன் சரியா வருதான்னு மட்டும் தனியா பாக்கலாம். சாயத்த சாம்பிள் வெல்லுல ஊத்தி, சாம்பிள், பஃபர், பஃபர் வேஸ்ட் மூணையும் கிரவுண்ட்ல வெச்சி சாம்பிள் வேஸ்டுக்கு மட்டும் ப்ளஸ் 400 வோல்ட் குடுங்க. சாயம் சிலுவைய தாண்டி வேஸ்டுக்கு போவும், ரெண்டு பக்கத்துல இருந்தும் பஃபர் வந்து அத நெருக்கிப் பிடிக்கும், நடுவுல ஒல்லியா ஒரு கோடு மாதிரி தெரியும். ஓட்டம் ஒரே சீரா வந்ததும் மாத்துங்க: பஃபர் வெல் கிரவுண்ட், பஃபர் வேஸ்ட் ப்ளஸ் 1000, சாம்பிளும் சாம்பிள் வேஸ்டும் ப்ளஸ் 150. அந்த 150 எதுக்குன்னா, என் டிசைன் நீளத்துக்கு கணக்கு போட்டா சிலுவையில சுமார் 136 வோல்ட் வரும், அத விட 14 வோல்ட் தூக்கி வெச்சதால பக்கத்து கையில மீதி இருக்கற சாயம் பின்னால போயிடும், பிரியற சேனல்ல கசியாது. இத குடுக்காம அந்த ரெண்டு வெல்ல அப்படியே விட்டா பீக்குக்கு பின்னாடி நீளமா வாலு வரும், நீங்க சுவத்த குத்தம் சொல்லிக்கினு இருப்பீங்க. ஒங்க கை நீளம் வேறன்னா 150ங்கறதும் மாறும், மறுபடி கணக்கு போடுங்க, ஓம் விதி தான், நாலு கையையும் நாலு ரெசிஸ்டரா வரைஞ்சா போதும்.

பிரியற சேனல்ல இப்ப சென்டிமீட்டருக்கு 216 வோல்ட் இருக்கு. ஒரு புரோட்டீனோட மொபிலிட்டி (சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் வெச்சா ஓடற வேகம்) 0.0001 சதுர சென்டிமீட்டர் பர் வோல்ட் செகண்ட்னு வெச்சிக்கினா, சிலுவையில இருந்து 3 சென்டிமீட்டர்ல இருக்கற டிடெக்டருக்கு 139 செகண்ட்ல வரும். ஜெல்லுல ஒரு மணி நேரம் ஒக்காந்த வேலை. இன்னொரு விஷயம், பரவல் மட்டும் தான் பீக்க அகலப்படுத்துதுன்னா பிரிக்கற தெறம் சேனல் நீளத்த பொறுத்து இல்ல, அதுக்கு குறுக்க விழற வோல்ட்டேஜ பொறுத்து தான். பிஎஸ்ஏ சைஸ் புரோட்டீனுக்கு இந்த செட்டப்ல 50,000 தியரிட்டிக்கல் பிளேட் (பீக் எவ்ளோ ஒல்லியா வருதுன்னு சொல்ற எண்) தாண்டும்னு கணக்கு சொல்லுது. நிஜத்துல அத விட கம்மியா வரும், எவ்ளோ கம்மிங்கறது தான் ஒங்க சுவரும் இன்ஜெக்‌ஷனும் எப்படி இருக்குன்னு சொல்ற அளவு.

இப்ப புரோட்டீன். 20 மைக்ரான் ஆழத்துல யுவி வெச்சி பாக்கறது கஷ்டம், ஒளி போற தூரம் பத்தாது, அதனால ஒளிர்ற சாயம் ஒட்டின புரோட்டீன் வேணும். மொத ரன்னுக்கு எஃப்ஐடிசி (பச்சையா ஒளிர்ற சாயம்) ஒட்டின பிஎஸ்ஏ ரெடிமேடா கெடைக்குது, வாங்கிடுங்க. நீங்களே ஒட்டறதா இருந்தா பிஹெச் 9 கார்பனேட்-பைகார்பனேட் பஃபர்ல, இருட்டுல, ஒன்னு ரெண்டு மணி நேரம். டிரிஸ்ல பண்ணாதீங்க, டிரிஸ்ல இருக்கற அமைன் சாயத்த தின்னுடும். அப்பால செஃபடெக்ஸ் ஜி-25ல (சின்ன மூலக்கூற பின்னால நிறுத்தற ஜெல் மணி) விட்டு ஒட்டாத சாயத்த எடுத்துடுங்க. ஒரு புரோட்டீன்ல லைசின் (சாயம் ஒட்டற அமினோ அமிலம்) நெறைய இருக்கும், ஒரு மூலக்கூறுல 2 சாயம் ஒட்டும், இன்னொரு மூலக்கூறுல 5 ஒட்டும், ஒவ்வொன்னும் சார்ஜ மாத்தும், அதனால ஒரே புரோட்டீன் அகலமான பீக்கா வந்தா பயந்துடாதீங்க, சாயத்த கொறைச்சி ஒட்டுங்க.

மலிவா நல்ல சாம்பிள் வேணும்னா முட்டை வெள்ளை. அதுல பாதிக்கு மேல ஓவால்புமின், மைனஸ் சார்ஜு, ஒழுங்கா ஓடும். கொஞ்சூண்டு லைசோசைமும் இருக்கு, அதோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் (மொத்த சார்ஜ் ஜீரோ ஆவற பிஹெச்) 11 கிட்ட, அதாவது பிஹெச் 8.3ல அது ப்ளஸ் சார்ஜ். எதிர் பக்கம் போவும், மைனஸ் சுவத்த கண்டா ஒட்டிக்கும். கோட்டிங் நல்லா இருக்கான்னு பாக்க இத விட கண்டிப்பான வாத்தியார் கெடையாது: எஃப்ஐடிசி ஒட்டின லைசோசைம சாம்பிள் வெல்லுல இருந்து சேனலுக்குள்ள தள்ளி, சுத்த பஃபர்ல அலசிட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, சுவரு பச்சையா மினுங்குச்சின்னா கோட்டிங் பத்தல.

இங்க நெறைய பேரு மாட்டற எடம் ஒன்னு சொல்லணும். "எஸ்டிஎஸ் போட்டா எல்லாம் மைனஸ் ஆயிடும், பிரச்சின தீந்துது"ன்னு போடுவாங்க. எஸ்டிஎஸ் ஒரு கிராம் புரோட்டீனுக்கு சுமார் 1.4 கிராம் ஒட்டும், எந்த புரோட்டீனா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே விகிதம், அதனால பெருசோ சின்னதோ எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்துல ஓடும், வெறும் பஃபர்ல பிரியவே பிரியாது. 1970ல லெம்லிங்கற விஞ்ஞானி போட்ட முறையில அக்ரிலமைட் ஜெல் சல்லடையா இருந்து பெருச தடுக்குது, அதனால தான் பிரிஞ்சிது. சிப்புலயும் அந்த சல்லடை வேணும்: டெக்ஸ்ட்ரான் இல்ல கிராஸ்லிங்க் இல்லாத பாலிஅக்ரிலமைட் கரைசல சேனல்ல நெரப்பணும், கெட்டியா இருக்கும், சிரிஞ்சால மெதுவா தள்ளுங்க. அளவு தெரிஞ்ச புரோட்டீன் மூணாவது கூட ஓட்டுங்க, பிஎஸ்ஏ 66 கிலோடால்டன், ஓவால்புமின் 45, சோயா டிரிப்சின் இன்ஹிபிட்டர் 20 கிட்ட. அளவு தெரியணும்னா எஸ்டிஎஸ்ஸும் சல்லடையும், சார்ஜ் வித்தியாசம் தெரியணும்னா ரெண்டும் வேணாம், எது வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க.

நம்ம ஊரு வெயிலுக்குன்னு தனியா சொல்லணும். பஃபரோட பிசுபிசுப்பு சூட்டுல கொறையும், ஒரு டிகிரிக்கு மொபிலிட்டி 2 சதவீதம் கிட்ட ஏறும். காலைல 24 டிகிரில ஓட்டின 139 செகண்ட் பீக்கு, மதியம் ஏசி நின்னு லேப் 32 டிகிரி ஆச்சின்னா 120 செகண்ட்லயே வந்து நிக்கும், வேற புரோட்டீன்னு நெனச்சிக்காதீங்க. எல்லா ரன்லயும் ஒரு தெரிஞ்ச சாயத்த கூட போட்டு அதோட ஒப்பிட்டு நேரத்த எழுதுங்க, பக்கத்துல ரூம் டெம்பரேச்சரும். இன்னொன்னு, வெல்லுல இருக்கறதே 50 மைக்ரோலிட்டர் தான், ஃபேன் காத்துல சீக்கிரம் வத்தும், ஒரு வெல்லு கொறஞ்சி ஒரு வெல்லு நெறஞ்சி இருந்தா மட்ட வித்தியாசத்துலயே தண்ணி ஓடும், கரண்டே வேணாம். ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு ரன்னுக்கும் நாலு வெல்லயும் காலி பண்ணி புதுசா ஒரே அளவுக்கு ஊத்துங்க. கரண்ட் ஓட ஓட எலக்ட்ரோட் பக்கத்துல பிஹெச் மாறும், அதுக்கும் சேத்து தான் பஃபர மாத்த சொல்றேன். சப்ளைக்கு யுபிஎஸ் இருக்கட்டும், நடு ரன்ல கரண்ட் போனா அந்த ரன்ன தூக்கிப் போட வேண்டியது தான்.

பீக்க பாத்து கோளாற கண்டுபிடிக்கறது பழக்கத்துல வரும். சாயம் ஒழுங்கா வந்து புரோட்டீன் மட்டும் வாலோட வந்தா சுவரு. சாயமும் சேந்து அகலமா வந்தா இன்ஜெக்‌ஷன், இல்ல சூடு, வோல்ட்ட கொறைச்சி பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும். ஒவ்வொரு ரன்லயும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கினே போனா பஃபர் பழசாயிடுச்சி இல்ல கோட்டிங் உரியுது, அந்த கரண்ட் டெஸ்ட மறுபடி போடுங்க. ஒன்னுமே வரலன்னா ப்ளஸ் மைனஸ் வயர பாருங்க.

ஹீமோகுளோபின் ஆச கண்டிப்பா வரும், வரணும். சிக்கிள் செல்லுல பீட்டா சங்கிலியோட 6வது எடத்துல குளூட்டாமிக் ஆசிடுக்கு பதிலா வேலின் வருது, ஒரு மைனஸ் போச்சி, அதனால காரத்தன்மை பஃபர்ல சாதாரண ஹீமோகுளோபின விட மெதுவா ப்ளஸ் பக்கம் போவும். வடகிழக்குல அதிகமா இருக்கற ஹீமோகுளோபின் ஈ (E)ங்கற வகையில 26வது எடத்துல குளூட்டாமிக் போயி லைசின் வருது, மைனஸ் போயி ப்ளஸே வந்துடுது, இன்னும் மெதுவு. அமெரிக்காவுல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டில செல்லுலோஸ் அசிடேட் பேப்பர சின்ன சிப்புக்குள்ள வெச்சி இதையே பிரிச்சி ஹீம்சிப்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. ஆனா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எழுத்துல வாங்காம யாரோட ரத்தத்தையும் தொடாதீங்க, ஒங்க ஃப்ரெண்டோடதா இருந்தாலும் சரி, ஒங்களோடதா இருந்தாலும் சரி, ஒங்க சிப்புல வந்த பீக்க வெச்சி ஒருத்தருக்கு நோய் இருக்கு இல்லன்னு வாயால கூட சொல்லாதீங்க, அது ஆஸ்பத்திரி லேப் சொல்ல வேண்டியது. பயிற்சிக்கு கடையில வாங்கற மாட்டு ஹீமோகுளோபின் பவுடர் இருக்கு.

வேலை முடிஞ்சதும் சப்ளைய ஆஃப் பண்ணி, வெல்லெல்லாம் உறிஞ்சி எடுத்து, சேனல சுத்த தண்ணியில நாலஞ்சி தடவ அலசுங்க. முழுக்க கண்ணாடில செஞ்ச சிப்புன்னா 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல கழுவி மறுபடி கோட்டிங் போட்டு திரும்ப பயன்படுத்தலாம். பிடிஎம்எஸ் சிப்ப புரோட்டீன் மாத்தும்போது புதுசா எடுத்துடுங்க, அச்சு தான் கையில இருக்கே. மறுநாளும் அதே சிப்புன்னா சேனல்லயும் வெல்லுலயும் தண்ணி நெரப்பி, ஈரத் துணி வெச்ச டப்பால மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மேல தேதியும் எந்த புரோட்டீன் ஓடுச்சின்னும் எழுதி.